வாள் பட்ட இடம்: அம்பத்தூரிலிருந்து குன்றத்தூர் வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிப் போகும் புறநகர் ரயில் பாதையில், அம்பத்தூருக்கும் பட்டாபிராமுக்கும் இடைப்பட்ட ஊர்களில் சீருடை அணிந்தவரோ, ஒரு காலத்தில் அணிந்திருந்தவரோ இல்லாத தெரு குறைவு. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைகள் தைக்கும் தொழிற்சாலை, டாங்கிகளை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் குழு மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. பட்டாபிராமில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே 'மிலிட்டரி சைடிங்'. பணி முடித்தவர்களில் பலர் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பாமல், கேன்டீன், மருத்துவ வசதி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை உத்தேசித்து இந்தப் பக்கமே மனை வாங்கிக் குடியேறுகிறார்கள். தெருக்காரர்களுக்கு அவர்கள் 'மிலிட்டரிக்காரர்'.

அதே தெருக்களில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. குடியரசு நாளில் கொடியேற்றவும் திருவிழாவில் பொன்னாடை போர்த்தவும் மிலிட்டரிக்காரரை அழைக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. போர்முனையில் அவர் மனச்சாட்சியில் பட்ட காயத்தைப் பற்றிக் கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அதற்கு வேண்டிய கதைகளும் சடங்குகளும் இந்த வட்டாரத்திலேயே நிறைய இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போவதற்கு ஒரு நாள் பயணம் போதும்.

அறக்காயம் என்று அதைச் சொல்லலாம். பாஸ்டன் நகரில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, 1994இல் வெளியான 'வியட்நாமில் அக்கிலீஸ்' என்ற நூலில் இதைக் கவனப்படுத்தினார். உயிர் போகும் தருணத்தில் மேலிடம் செய்த துரோகம் வீரனின் குணத்தையே சிதைத்துவிடுகிறது என்பது அவர் கண்டது. 2009இல் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதன் எல்லையை விரித்தார்கள். தான் செய்த செயல், தடுக்காமல் விட்ட செயல், கண்ணால் பார்க்க நேர்ந்த செயல் ஆகிய எதுவும், ஒருவர் ஆழமாக நம்பிய அறத்துக்கு எதிராக இருந்தால், இந்தக் காயம் விழும். அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980இல் இடம்பெற்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் வேர் பெரும்பாலும் அச்சம். அறக்காயத்தின் வேர் குற்ற உணர்வும் வெட்கமும். நிற்கச் சொல்லியும் நிற்காத வண்டியைச் சுட்ட பிறகு உள்ளே ஒரு குடும்பம் இருந்ததைக் கண்டவர், தன் இடத்தில் காவலுக்குப் போன தோழனின் உடலைச் சுமந்து வந்தவர், பொய் என்று தெரிந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் ஆகியோருக்கு இனி ஆபத்து இல்லை என்று நிரூபித்து ஆறுதல் தர முடியாது. அவர்களை அரிப்பது ஆபத்து அல்லவே. பேரக்குழந்தையைத் தூக்கத் தயங்குவதும், தினம் குடிப்பதும், குடும்பத்தோடு கோயிலுக்கு வந்துவிட்டு உள்ளே நுழையாமல் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

பயணத்தின் முதல் நிறுத்தம் அம்பத்தூர். 1960களில் உருவான அதன் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள். அவற்றின் வாசல்களில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர்களில் முன்னாள் படைவீரர்கள் கணிசம். படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார். அதன்பின் பலருக்குக் கிடைப்பது டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் வழியாகவோ தனியார் நிறுவனம் வழியாகவோ வரும் செக்யூரிட்டி வேலை. தனிமையும் விழிப்புமான இரவு நேரப் பணி, மறக்க நினைப்பதையெல்லாம் திரும்பக் கொண்டுவரும். பணியில் இருந்தபோது மனக்கஷ்டத்தை வெளியே சொன்னால் மருத்துவத் தகுதி குறைக்கப்படும், பதவி உயர்வு தடைபடும் என்ற பயம். ஓய்வுக்குப் பின் சொன்னால் கேலி. ஆகவே சொல்வதில்லை.

அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். இங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் சற்று அதிக நேரம் தங்க வேண்டும். தலவரலாறு ஒரு போரிலிருந்து தொடங்குகிறது. குறும்பர் தலைவர்களை எதிர்த்துப் படையோடு வந்த தொண்டைமானின் யானை, அடர்ந்த முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிடுகிறது. யானையின் மேலிருந்தபடியே அரசன் வாளை வீசிக் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்திலிருந்து ரத்தம் பெருகுகிறது. இறங்கிப் பார்த்தால் கொடிக்குள் சிவலிங்கம். அதன் மேல் வெட்டு. பதறிய தொண்டைமான் அதே வாளால் தன் கழுத்தை அரிந்துகொள்ளத் துணிகிறான். இறைவன் தோன்றித் தடுக்கிறார். வாள் பட்டும் தான் மாசற்றவனாகவே இருப்பதாகச் சொல்லி, நந்தியைத் துணையாக அனுப்புகிறார்.

அறக்காயம் என்னும் நிகழ்வை இதைவிடச் செறிவாகச் சொன்ன கதை அரிது. கெட்ட எண்ணத்தோடு வாள் வீசப்படவில்லை. போகிற அவசரம், எதிரே ஒரு தடை, கையில் ஆயுதம், அவ்வளவுதான். வெட்டிய பிறகே வெட்டியது எதை என்று தெரிகிறது. தெரிந்த மறுகணம் ஆயுதம் தன் பக்கமே திரும்புகிறது. சீருடை அணிந்தோரின் தற்கொலைகளை எண்ணிப் பார்ப்பவருக்கு இந்தக் கட்டம் நடுக்கம் தரும். இறைவன் முதலில் செய்வது அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது. உபதேசமோ விசாரணையோ அதற்கு முன்பு வரவில்லை.

வெட்டே விழவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. வாள் பட்ட மூலவரின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு இருக்கிறது. சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தை ஒட்டிப் பழைய சந்தனத்தைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். அந்த வேளையில்தான் காப்பில்லாத திருமேனியைக் காண முடியும். குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் சன்னிதிக்கு முன்னால் நிற்கின்றன. நந்தி வழக்கத்துக்கு மாறாகச் சுவாமியைப் பார்க்காமல், அரசனுக்குத் துணை போகக் கிளம்பிய நிலையில் கிழக்கு நோக்கியிருக்கிறது. கோயில் என்ன செய்திருக்கிறது என்று இங்கே யோசிக்கத் தோன்றும். காயத்தை மறைத்துக் கும்பாபிஷேகம் செய்து முடித்துவிடவில்லை. அதற்கென்று ஒரு மருந்தும், மருந்தை மாற்ற ஒரு நாளும், அந்த நாளில் ஊரே வந்து பார்க்கும் ஏற்பாடும் வைத்திருக்கிறது. ஒரு வழிபாட்டுச் சமூகம் அறக்காயப்பட்டவருக்குச் செய்யக்கூடியதும் ஏறக்குறைய இதுதான். ஆண்டுதோறும், எல்லோரும் அறிய, பொறுமையாக.

இதே கோயிலுக்கு இன்னொருவரும் காயத்தோடு வந்தார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், திருவாரூர் நினைவில் அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் பார்வை இழந்தன. சத்தியத்தை முறித்த வேதனையோடு வழியில் திருமுல்லைவாயிலில் பதிகம் பாடினார், கண் கிடைக்கவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. திருவெண்பாக்கத்தின் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள். 1940களில் அணை கட்டியபோது கோயில் கரைக்குப் பெயர்ந்தது. இதே ரயிலில் திருவள்ளூரில் இறங்கிப் பஸ் பிடித்தால் பூண்டி. கோல் கிடைத்த கோபத்தில் சுந்தரர் அதை வீசியதாகவும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். கடவுள் மேல் அடியார் கொண்ட கோபத்தின் அடையாளத்தைக் கோயிலே பாதுகாக்கிறது. போரிலிருந்து வந்தவர்களில் பலர் கடவுள் மேல் அத்தகைய கோபத்தோடு வாழ்கிறார்கள். அதை நாத்திகம் என்றோ அபசாரம் என்றோ வாயடைக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த வட்டாரத்தின் பக்தி மரபே சாட்சி. ஒரே வழிபாட்டில், ஒரே ஜெபக் கூட்டத்தில் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களும் சுந்தரரின் வழியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நடுவழியில் கோல் கொடுப்பதும் உதவிதான்.

ஆவடியில் இந்தப் பேச்சுக்கு மிக அண்மைக் காலத்து முகம் ஒன்று உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் இருபது, இருபத்தைந்து வயதில் பணியாற்றியவர்கள் இன்று அறுபதைச் சுற்றி இருக்கிறார்கள். அமைதி காக்கப் போன படை 1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் அணிகளும் அங்கே இருந்தன. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார். வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களின் கெஞ்சல் மொழிபெயர்ப்பு இல்லாமலே அவர் காதில் விழுந்தது. அந்த அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். இந்தியத் தரப்பில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னை வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்ற கேள்விக்கு அன்றைய தமிழ்நாட்டில் நியாயம் இருந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போய், நண்பர்களை இழந்து, எதற்காகப் போனோம் என்று தெரியாமல் திரும்பிய கீழ்நிலைச் சிப்பாய்க்கும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசும் மேடை முப்பத்தைந்து ஆண்டுகளில் உருவாகவில்லை. அரசியல் மேடைக்கு அது முடியாது. வழிபாட்டுக் கூடத்துக்கு முடியும், ஏனென்றால் அங்கே வருகிறவர் வென்றவராகவோ தோற்றவராகவோ வர வேண்டியதில்லை.

ராணுவத்துக்குள் சமயத்துக்கு இடம் இருக்கிறது. பண்டிட், மௌலவி, பாதிரியார், கிரந்தி என்று சமய ஆசிரியர்கள் இளநிலை அதிகாரி தரத்தில் நியமிக்கப்படுகிறார்கள். எல்லாச் சமயத்தாரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலம் பல முகாம்களில் உண்டு. ஓய்வு பெற்ற அன்றே இந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவருடைய பொறுப்பு ஊர்க் கோயிலுக்கும் ஊர்ச் சபைக்கும் ஜமாஅத்துக்கும் வருகிறது. வந்தது அவர்களுக்குத் தெரிவதில்லை.

தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பழைய சமூகங்கள் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கின்றன. போருக்குப் போய்க் கொன்றவரும் பிணத்தைத் தொட்டவரும் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கிச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும் என்று விவிலியத்தின் எண்ணாகமம் சொல்கிறது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் வீரர்களுக்கே திருச்சபை பிராயச்சித்தம் விதித்தது: கொன்றது தெரிந்தால் ஆளுக்கு ஓராண்டு. தவறுதலாக நேர்ந்த கொலைக்கு இழப்பீட்டையும், அடிமை ஒருவரை விடுவிப்பதையும், அது இயலாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பையும் குர்ஆன் வகுக்கிறது. ராவணனை வென்ற ராமனே தோஷம் நீங்க ராமேசுவரத்தில் லிங்கம் வைத்து வழிபட்டான் என்பது தமிழ்நாட்டில் பிள்ளைகளும் அறிந்த கதை. நியாயமான போர், கட்டாயமான போர், வெற்றி பெற்ற போர் எதுவானாலும் கொலை கையில் ஒட்டும் என்பதை இவை எல்லாம் ஏற்கின்றன. 'நீ கடமையைத்தானே செய்தாய்' என்று இன்று சொல்லப்படும் ஆறுதல் இந்த மரபுகளில் எதிலும் போதுமானதாகக் கருதப்படவில்லை. அந்த ஆறுதலைக் கேட்ட மிலிட்டரிக்காரர் அதற்கு மேல் பேசாமல் இருந்துவிடுவதும் அதனால்தான்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் இத்தகைய சடங்குகள் உயிரோடு இருக்கின்றன. மகாளய பட்சத்தில், தன் நேர் முன்னோர் அல்லாத இறந்தவர்களுக்காகவும் காருண்ய தர்ப்பணம் செய்யும் வழக்கம் உண்டு. பெயர் தெரியாத ஒரு மனிதரின் முகத்தை முப்பது ஆண்டுகளாக மறக்க முடியாதவருக்கு, எள்ளும் நீரும் இறைக்க அது ஓர் இடம். கத்தோலிக்க ஆலயங்களில் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில், இறந்த தோழர்களோடு எதிர்த் தரப்பில் இறந்தவர்களையும் சேர்த்து ஜெபிக்கப் பங்குத்தந்தை தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. தவ்பா என்னும் மன்னிப்புக் கோரல் தனிமையில் அல்லாவிடம் செய்வது; அதன் பின் வரும் தர்ம காரியத்தில் ஜமாஅத் தோள் கொடுக்கலாம். எந்தச் சடங்கையும் அவர் மேல் திணிக்கக் கூடாது. அவர் கேட்கும்போது வாசல் திறந்திருந்தால் போதும்.

ஆவடியிலிருந்து தெற்கே பருத்திப்பட்டு வழியாகச் சாலைப் பயணத்தில் பூந்தமல்லி வந்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில் இது ராணுவக் கன்டோன்மென்ட். நோயுற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் உடல் தேற அனுப்பப்பட்ட இடம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்த தனி நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. இலங்கைத் தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாமும் இங்கே இருந்தது. இலங்கைப் போரின் பின்விளைவுகள் இவ்வளவு அடர்த்தியாக வந்து சேர்ந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இதே பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகளின் பிறந்த ஊர். வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி இருக்கிறது. காஞ்சியில் வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவரோடு பெருமாள் பேசுவார் என்பது வைணவர் நம்பிக்கை. மனத்தில் ஐயங்களோடு தவித்த ராமானுஜர் அவரிடம் வந்தபோது, நம்பிகள் தானாக ஒரு பதிலும் சொல்லிவிடவில்லை. ஐயத்தைக் கேட்டுக்கொண்டார், சன்னிதிக்குக் கொண்டுபோனார், விசிறியபடி காத்திருந்தார், பெருமாள் சொன்ன ஆறு வார்த்தைகளோடு திரும்பினார். போதகர்களும் குருக்களும் ஆலிம்களும் பழக வேண்டிய பணி இது. கேட்பவர் அதிர்ச்சியைக் காட்டினால் பேசுகிறவர் தன்னை மிருகம் என்றே முடிவுகட்டிவிடுவார். கேட்ட மாத்திரத்தில் மன்னிப்பு வழங்கினால், இவருக்கு விஷயத்தின் கனம் புரியவில்லை என்று எழுந்து போய்விடுவார். கேட்டுவிட்டுச் சுமக்க ஆள் வேண்டும்.

பூந்தமல்லிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் குன்றத்தூர். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழாரின் ஊர். அவர் எழுப்பிய திருநாகேசுவரம் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சோழ அமைச்சராக அரசு எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர், அடியார் வரிசையில் ஒரு படைத்தலைவரையும் வைத்தார்: வாதாபியை அழித்துத் திரும்பிய பரஞ்சோதி, பின்னாளில் சிறுத்தொண்டர். வெற்றியோடு வந்த தளபதி சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லக் கேட்டதும் பல்லவ மன்னன் கலங்குகிறான். அடியார் ஒருவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிவிட்டோமே என்று வருந்தி, பொறுத்தருளும்படி அவரிடமே வேண்டுகிறான். பொருள் கொடுத்து, இனி விரும்பிய தொண்டைச் செய்யும்படி விடுவிக்கிறான். அந்தப் புராணத்தின் பிற்பகுதியான பிள்ளைக்கறி நிகழ்ச்சி தனி விவாதத்துக்கு உரியது. இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டியது அரசனின் செயலை. வென்று வந்தவனிடம், அனுப்பியவன் மன்னிப்புக் கேட்கிறான். தமிழில் இதற்கு நிகரான இன்னொரு காட்சியைக் காண்பது கடினம்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், சமய ஆலோசகர் கிறிஸ் ஆண்டலும் உளவியலாளர் பீட்டர் யோமன்ஸும் நடத்திவரும் குழு இதைத் தற்காலத்தில் செய்கிறது. வாரக்கணக்கில் தங்களுக்குள் பேசிப் பழகிய வீரர்கள், முடிவில் மருத்துவமனை வழிபாட்டுக் கூடத்தில் பொதுமக்கள் முன்னால் தாங்கள் செய்ததைச் சொல்கிறார்கள். வந்திருக்கும் பொதுமக்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று, உங்களை அங்கே அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஏற்கிறார்கள். ஆவடியில் ஆண்டுக்கு ஒரு மாலை இப்படி அமைப்பதற்கு ஒரு மண்டபமும், நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று மூத்த படைவீரர்களும், வாயடக்கம் உள்ள ஊரும் போதும். செல்போன் படப்பிடிப்பும் மாலை மரியாதையும் அங்கே கூடவே கூடாது. மனைவிமார்களுக்குத் தனியாக ஓர் அமர்வு வேண்டும். கணவரின் மௌனத்தையும் குடியையும் அத்தனை ஆண்டுகள் தாங்கியவர்கள் அவர்கள். பரிகாரமாக ஏதாவது செய்யத் துடிப்பவருக்கு வேலையும் கொடுக்கலாம்: அன்னதானச் சமையல், பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, அகதி முகாம் மாணவர்களின் படிப்புச் செலவு. அழித்த கை எதையாவது உருவாக்கும்போது கிடைக்கும் ஆறுதலைப் பேச்சு தராது.

சமயத்தின் எல்லையையும் தமிழ்நாடு கசப்போடு கற்றிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி நடத்தப்பட்ட ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அதன் பின் தர்காவிலேயே மருத்துவமும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க வழி செய்யப்பட்டது. திருச்சி மாவட்டம் குணசீலத்தில் பெருமாள் கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. பேய் பிடித்திருக்கிறது, பாவத்தின் சம்பளம், மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் எந்தக் கூட்டமும் அறக்காயப்பட்டவரை மேலும் வெட்டுகிறது. தூக்கமின்மை, கனவில் அலறல், கட்டுக்கடங்காத குடி, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தென்பட்டால் பூசாரியோ போதகரோ இமாமோ அவரோடு கூடவே மருத்துவரிடம் போக வேண்டும். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குகள், அம்பத்தூருக்கு அருகே அண்ணா நகர் மேற்கு விரிவில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளன. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வழிபாட்டு இடங்களின் அறிவிப்புப் பலகையில் திருவிழாத் தேதிகளுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் எண்ணையும் எழுதி வைக்கலாம். நான்கே ஆண்டில் பணி முடித்துத் திரும்பப்போகும் அக்னிவீர் இளைஞர்களுக்கும் அது உதவும்.